பின்னால் எரியும் தீ முகத்தில் விழாது

"வில்லனுக்குப் பின்னால் தீயை மூட்டினால் போதும், முகத்தில் கோபம் தானாக ஏறிவிடும்" என்று படப்பிடிப்பில் சிலர் சொல்வது சரியில்லை. பின்னால் எரியும் தீ தோள், காது, முடியின் ஓரத்தில் மட்டும்தான் கோடு போடும், முகம் இருண்டுபோகும். கோபத்தைக் காட்டுவது முன்னால், தாடைக்குக் கீழிருந்து வரும் வெளிச்சம். 3200 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறையக் குறைய ஆரஞ்சு கூடும்) விளக்கில் முழு சிடிஓ ஜெல், அதாவது ஆரஞ்சு நிற வடிகட்டித் தாள், போட்டால் ஏறக்குறைய 2100க்கு இறங்கும். சுடரின் நிறம் அதற்குப் பக்கத்தில்தான். ஒரே விளக்கைச் சீராக மினுக்கினால் பழுதான டியூப்லைட் மாதிரி இருக்கும். இரண்டு மூன்றை வெவ்வேறு வேகத்தில், முழுக்க அணையவிடாமல், ஏற்றி இறக்குங்கள். கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஆரஞ்சு வெளுத்துவிடும். இன்னொன்று: எக்ஸ்போஷரை (கேமரா உள்வாங்கும் வெளிச்சத்தின் அளவை) இருண்ட முகத்துக்கு வைத்தால் சுடர் வெறும் வெள்ளைத் திட்டாகும். முதலில் சுடருக்கு வைத்துவிட்டு, பிறகு முகத்துக்கு வெளிச்சத்தைக் கூட்டுங்கள்.