சாட்ஸ்வொர்த் வீட்டுக்குக் கண்டென்சர் மைக் எதற்கு?

தைப்பூசக் காவடி நெருங்கினால் போதும், "வீட்டிலேயே முருகன் பாட்டு ரெக்கார்ட் பண்ணணும், எந்த மைக் வாங்கலாம்?" என்று இன்பாக்ஸில் கேள்வி வர ஆரம்பித்துவிடும். கேட்பவர்களில் பாதிப் பேர் ஸ்டுடியோக்களில் வைக்கும் பெரிய கண்டென்சர் வகை மைக் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு, நான் தலையாட்ட வேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறார்கள். நான் ஆட்டமாட்டேன்.

நம் சாட்ஸ்வொர்த் வீடுகள் தெரியாதா? இன வாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி நம் இந்திய ஆட்களைத் தென்னாப்பிரிக்க டர்பனின் மற்ற பகுதிகளிலிருந்து கிளப்பிக் கொண்டுவந்து போட்ட 1960-களில் எழுந்த ஊர். பல வீடுகளில் பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். அங்கே குக்கர் எத்தனை விசில் என்று இங்கிருந்தே எண்ணலாம். விடிந்தால் ஹடீடா பறவையின் கத்தல், அப்புறம் மைனா, அப்புறம் நாய். கரண்ட் போனால் ஜெனரேட்டர். கண்டென்சர் மைக்குக்குக் காது கூர்மை. இத்தனையையும் சேர்த்தே பிடித்துத் தரும். அதை வைத்துக்கொண்டு ஓர் அடி தள்ளி நின்று பாடினால் குரலைவிட அறைதான் பாடும்.

ஷ்யூர் எஸ்எம்58 மாதிரி, மேடையில் கையில் பிடித்துப் பாடும் டைனமிக் வகை மைக் ஒன்று போதும் என்பேன். 1966-இல் வந்த மாடல், இன்றும் மேடைகளில் ஓடுகிறது. டைனமிக் என்றாலே வெளிச் சத்தம் தானாக அடங்கிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். காரியம் நடப்பது கிட்டே போய்ப் பாடுவதால்தான். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். ஓர் அடியிலிருந்து நான்கு விரல் தூரத்துக்கு வந்தால் கிட்டத்தட்ட 12 டெசிபல். நாய்க்கு அந்தச் சலுகை கிடையாது, அது இருந்த இடத்தில்தான் குரைக்கிறது. கண்டென்சரிலும் கிட்டே போகலாமே என்பீர்கள். போகலாம், ஆனால் 'பழனி' என்றதும் அந்தப் 'ப' குண்டு போட்டதுபோல் வெடிக்கும். எஸ்எம்58-இன் உருண்டைத் தலைக்குள்ளேயே அதற்கு ஒரு வடிகட்டி உண்டு. அப்படியும் வெடித்தால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் ஓரமாகச் சாய்த்துப் பாடுங்கள். கோயில் மேடையில் உதட்டோடு ஒட்டிப் பாடும் பழக்கத்தையும் விடுங்கள். அவ்வளவு நெருங்கினால் அடித்தொனி பொங்கி, வார்த்தை புரியாது.

விலை கூடிய டைனமிக் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஷ்யூரின் எஸ்எம்7பி-க்குச் சுமார் 60 டெசிபல் கெயின், அதாவது சத்தத்தைக் கூட்டித் தரும் சக்தி, வேண்டும். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி மலிவாக இருந்து, அதில் மாட்டினால் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல்தான் மிச்சம்.

மிச்சப்படும் பணத்தில் நல்ல தடித்த போர்வை வாங்கி, பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். முன்னால் வரும் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக் அந்தப் பக்கம் பார்த்துத்தான் நிற்கிறது, சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் நேராக அதற்குள்தான் போகும். மைக்கின் முதுகு ஜன்னல் பக்கம் இருக்கட்டும். சத்தத்தை அடக்கும் என்று சுவரில் ஒட்டுகிற முட்டை அட்டையை முட்டைக்கே விட்டுவிடுங்கள்.

என் பேச்சை நானே மீறும் இடம் ஒன்று உண்டு. வீட்டில் தாலாட்டோ ஒப்பாரியோ தெரிந்த ஆயா இருந்தால் கண்டென்சரை இரவல் வாங்கியாவது வையுங்கள். அவரை மைக்கோடு வாயை வைத்து உட்கார் என்று சொல்ல முடியுமா? பாட்டுக்கு நடுவே மருமகள் பக்கம் திரும்பி அடுப்பை அணைக்கச் சொல்வார். இரண்டடி தள்ளி வைத்தாலும் கண்டென்சர் பிடித்துக்கொள்ளும். மைனா கத்தினால் கத்தட்டும். கண்டென்சருக்கு மின்சாரம் தரும் இன்டர்ஃபேஸின் 48 வோல்ட் பட்டனை மட்டும் முதலிலேயே போட்டுவிடுங்கள், "ஆயா, மறுபடியும் முதலிலிருந்து" என்றால் எழுந்து போய்விடுவார்.