அலெப்போ தெரியாதவருக்கு ஓட்டு போட்டவன்

சனிக்கிழமை நடந்ததைப் பத்தி எழுத வேணாம்னுதான் ரெண்டு நாளா அடக்கிட்டு இருந்தேன். வந்திருந்தவங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியும், வராதவங்களுக்கும் இந்நேரம் வாட்ஸ்அப்ல வீடியோ வந்து சேந்திருக்கும். 2016 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல்ல மூணாவது கட்சி ஆளா நின்ன கேரி ஜான்சனுக்கு அலெப்போ தெரியாததைப் பத்தி க்விஸ்ல கேள்வி கேட்டதோட விட்டிருந்தா பரவால்ல. மைக்கை என் பக்கம் நீட்டி, "இதுக்கு நம்மாளுதான் பதில் சொல்லணும், அவருக்குத்தானே ஓட்டு போட்டாரு, ட்ரம்ப்பைக் கொண்டுவந்து உக்கார வச்சதே இந்த மாதிரி ஆளுங்கதான்"னு சொன்னீங்க பாருங்க அண்ணே, அம்பது குடும்பமும் சிரிச்சுது. நானும் சிரிச்சேன். சபையில வேற என்ன பண்றது. பக்கத்துல உக்காந்திருந்த என் பொண்ணு மட்டும் சிரிக்கல.

வீட்டுக்கு வர்ற வழியில கேட்டா. "அப்பா, நிஜமாவே அவருக்கு அது தெரியாதா? அப்புறம் ஏம்ப்பா போட்ட?"

ஏன் போட்டன்னு 2016ல இருந்து இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட ஒருத்தர் கேட்டதில்ல. எல்லாரும் சிரிச்சிருக்காங்க, திட்டியிருக்காங்க, கேட்டது 16 வயசுப் புள்ள ஒண்ணுதான். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்க எழுதுறேன்.

மொதல்ல அலெப்போ. ஆமா, கேரி ஜான்சனுக்குத் தெரியல. 2016 செப்டம்பர் 8, காலையில டிவில லைவா, அலெப்போ பத்தி என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க, அவரு அலெப்போன்னா என்னன்னு திருப்பிக் கேட்டுட்டாரு. சிரியா உள்நாட்டுப் போர்ல குண்டு விழுந்து ஜனங்க செத்துக்கிட்டு இருந்த ஊரு அது. ஜனாதிபதி ஆகணும்னு நிக்கிறவருக்கு அந்தப் பேரு தெரியாதது பெரிய தப்பு, நான் அதை ஒருநாளும் சின்ன விஷயம்னு சொன்னதில்ல. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கல. ஆனா சிரியான்னு சொன்ன உடனே அவரு சொன்ன பதில் என்னன்னு சிரிச்சவங்கள்ல யாருக்காவது ஞாபகம் இருக்கா? அது ஒரு பெரிய குழப்பம், ரஷ்யாவோட சேந்து பேச்சுவார்த்தை மூலமா முடிக்கிறதுதான் ஒரே வழி, நாம போய் ஆட்சியை மாத்துறேன்னு இறங்குற இடமெல்லாம் இன்னும் மோசமாத்தான் ஆகுதுன்னு சொன்னாரு. அந்தப் பதில் எந்த வீடியோலயும் கிடையாது, அதுக்கு முந்தின வாக்கியத்தோட கட் பண்ணிடுவாங்க. அவரைக் கிண்டல் பண்ணி செய்தி போட்ட நியூயார்க் டைம்ஸே அலெப்போவை ஐஎஸ்ஐஎஸ் தலைநகர்னு தப்பா போட்டு, அப்புறம் திருத்தி, அந்தத் திருத்தத்தையும் திருத்திச்சு. அவங்களை யாரும் க்விஸ்ல கேக்குறதில்ல.

ஊர் பேரெல்லாம் தெரிஞ்சவங்க என்ன பண்ணாங்க? 2016ல ட்ரம்ப்பை எதிர்த்து டெமாக்ரடிக் கட்சியில நின்ன ஹிலாரி கிளின்டன்தான் ஈராக் போருக்கு 2002ல செனட்ல ஆதரவா ஓட்டு போட்டவங்க. 2011ல லிபியா மேல குண்டு போடணும்னு வாதாடுனவங்களும் அவங்கதான். பாக்தாத், திரிபோலி எல்லாம் மேப்ல எங்க இருக்குன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். எனக்குப் பேரு தெரியுறதை விட, அங்க குண்டு போடக்கூடாதுன்னு தெரியுறது முக்கியமா பட்டுச்சு. இது ஒரு குத்தமா?

இப்ப, நான் ஏதோ யூட்யூப் பாத்துட்டு ஆர்வக்கோளாறுல போய் அமுக்கிட்டு வந்தேன்னு நினைக்கிறவங்களுக்கு. 2015ல தான் நான் சிட்டிசன் ஆனேன். 2016 எனக்கு மொத ஜனாதிபதித் தேர்தல். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, ஸ்கேல் வச்சு மூணு பத்தி பிரிச்சு, ஹிலாரி, ட்ரம்ப், ஜான்சன்னு தலைப்பு போட்டு, வரி, போர், போதைப்பொருள், குடியேற்றம், மருத்துவம், படிப்பு, வர்த்தகம்னு ஒவ்வொண்ணா எழுதினேன். ரெண்டு மாசம் எழுதினேன். அந்த நோட்டு இன்னும் இருக்கு.

அதோட எனக்கு ஜான்சன் வெறும் டிவில பாத்த ஆளு இல்ல. நான் 1999ல அமெரிக்கா வந்து இறங்குனதே அல்புகர்க்கில. அது இருக்குற நியூ மெக்ஸிகோ மாநிலத்துக்கு அப்ப கவர்னர் அவருதான், பின்னாடி ட்ரம்ப் நின்ன அதே ரிபப்ளிகன் கட்சி. அந்த ஊர்லயே வீடு வீடா கதவைத் தட்டி சில்லறை ரிப்பேர் வேலை பாத்து ஆரம்பிச்சு, ஆயிரம் பேர் வேலை பாக்குற கம்பெனி ஆக்கினவர். அந்த வருஷம்தான் அவரு எழுந்து நின்னு, போதைப்பொருளுக்கு எதிரான போர் தோத்துப்போச்சு, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கணும், ஹெராயின் அடிக்கிறவனை ஜெயில்ல போடாம வைத்தியம் பாக்கணும்னு சொன்னாரு. 1999ல! அந்த அளவு பெரிய பதவில இருந்துக்கிட்டு அப்படிப் பேசுன ஆளு அப்ப வேற கிடையாது. சொந்தக் கட்சியே மேல விழுந்து பிடுங்குச்சு. ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுல இருந்த பெரியவர் எஸ்பனோலா பக்கத்துக்காரர். அந்த ரியோ அரிபா கவுண்டி ஹெராயின் ஓவர்டோஸ் சாவுக்கு நாட்டுக்கே பேர் போன இடம். அவரோட அக்கா மகன் அதுலதான் போனான். கூட இருந்த பசங்க போலீசுக்கு பயந்து ஆம்புலன்ஸ் கூப்பிடாம ஓடிட்டானுங்க. அவரு அன்னைக்கு பேப்பர்ல கவர்னர் பேசுனதை ரெண்டா மடிச்சு சட்டைப் பைல வச்சிருந்தாரு, சாப்பாட்டு நேரத்துல எடுத்து எடுத்துப் படிச்சாரு. 2001ல ஓவர்டோஸ் ஆனவனைக் காப்பாத்துற நலாக்சோன் மருந்தைக் கொடுக்குறவங்க மேல கேஸ் வராதுன்னு நாட்டுலயே மொதல்ல சட்டம் போட்டது நியூ மெக்ஸிகோ. கையெழுத்து போட்டது இந்த அலெப்போ தெரியாதவர். இன்னைக்கு 24 மாநிலத்துல கஞ்சா லீகல். 17 வருஷம் கழிச்சு ஒரு ஊர் பேரை மறந்ததுதான் உங்களுக்கு ஞாபகம் இருக்கு, 17 வருஷம் முன்னாடியே சரியா சொன்னது யாருக்கும் ஞாபகம் இல்ல. இதைத்தான் திரும்பத் திரும்ப சொல்றேன், அந்த ஒத்த வார்த்தையைத் தாண்டி அவரோட ஒரு கொள்கை, ஒண்ணே ஒண்ணு, சொல்லுங்க பாப்போம்.

சரி, அடுத்து என்ன சொல்லுவீங்கன்னு தெரியும். "ஓட்டைப் பிரிச்சீங்க." அண்ணே, நான் ஓட்டு போட்டது நியூ மெக்ஸிகோல. அங்க ஜான்சன் 9.3 சதவீதம் வாங்கினாரு, அவருக்கு எந்த மாநிலத்துலயும் கிடைக்காத அளவு, ஏன்னா அங்க உள்ளவங்களுக்கு அவரை எட்டு வருஷம் பாத்துப் பழக்கம். அப்படியும் அங்க ஜெயிச்சது யாரு? ஹிலாரி. 48க்கு 40. ஜனாதிபதி யாருன்னு முடிவு பண்றது மாநிலத்துக்கு இத்தனைன்னு இருக்குற எலக்டோரல் ஓட்டுதான், நியூ மெக்ஸிகோவோட 5ம் அவங்களுக்குத்தான் போச்சு. என் ஓட்டால ட்ரம்ப்புக்கு ஒரு மண்ணும் கிடைக்கல. இதை மைக்ல சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. உடனே மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா கணக்கைத் தூக்கிட்டு வருவீங்க, அங்க ஜான்சன் வாங்குன ஓட்டு ட்ரம்ப் ஜெயிச்ச வித்தியாசத்தை விட அதிகம்னு. அதிகம்தான், ஒத்துக்கிறேன். ஆனா ஜான்சனும் சரி, துணை ஜனாதிபதிக்கு நின்ன பில் வெல்டும் சரி, ரெண்டு பேரும் ரிபப்ளிகன் கவர்னரா இருந்தவங்க. அந்த ஓட்டு அவ்வளவும் அவங்க நிக்கலன்னா ஹிலாரிக்குத்தான் விழுந்திருக்கும்னு எந்த ஜோசியர் சொன்னாரு? 44 லட்சத்துக்கும் மேல ஜனங்க போட்ட ஓட்டு. அது ஹிலாரி வீட்டு சொத்தும் இல்ல, ட்ரம்ப் வீட்டு சொத்தும் இல்ல, நாங்க திருடிட்டுப் போறதுக்கு.

ஜான்சனும் வெல்டும் பேசுறதைக் கேக்க விட்டாங்களா மொதல்ல? 50 மாநிலத்துலயும் வாக்குச்சீட்டுல பேரு இருக்கு, ஆனா டிபேட் மேடையில இடம் இல்ல. கருத்துக்கணிப்புல 15 சதவீதம் வேணுமாம். அந்த டிபேட் கமிஷனை 1987ல ஆரம்பிச்சதே இந்த ரெண்டு கட்சியும்தான். மேடையில ஏத்துனா தானே ஜனங்களுக்கு ஆளைத் தெரியும், ஆளைத் தெரிஞ்சா தானே 15 வரும். 1992ல சுயேச்சையா நின்ன ராஸ் பெரோவை ஏத்துனாங்க, கிட்டத்தட்ட 19 சதவீதம் வாங்கினாரு, அதுக்கப்புறம் இன்னொரு மூணாவது ஆளை அந்த மேடையில பாத்தீங்களா?

அடுத்து குடியேற்றம். இதை எழுதுறப்ப எனக்குக் கை நடுங்குது, பொறுத்துக்கங்க. வேலை மூலமா இங்கயே நிரந்தரமா தங்கக் குடுக்குற எம்ப்ளாய்மென்ட் க்ரீன் கார்டு வருஷத்துக்கு மொத்தமே 1,40,000, ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல கிடையாது. இந்தியாவும் 7, ஐஸ்லாந்தும் 7. நம்மள்ல யாருக்கு இது தெரியாது, வயித்துல கட்டிக்கிட்டு வாழ்ந்தவங்கதானே எல்லாரும். 1999ல வந்த எனக்கு 2010ல கிடைச்சுது. நடுவுல 2006ல அப்பா தவறிட்டாரு. விசா ஸ்டாம்ப் முடிஞ்சிருந்துச்சு, கம்பெனி அப்பதான் மாறியிருந்தேன், இப்ப வெளிய போனா திரும்ப வர்றது உறுதியில்லன்னு வக்கீல் சொல்லிட்டாரு. தம்பிதான் கொள்ளி வச்சான். நான் போன் லைன்ல இருந்தேன், சங்கு சத்தம் கேட்டுச்சு, அப்புறம் யாரோ போனைத் தூக்கிட்டுத் தள்ளிப் போயிட்டாங்க. நோட்டுல குடியேற்றம்னு போட்ட இடத்துல ஜான்சனுக்கு நேரா நான் எழுதுன வரி இது: "வேலைக்கு வர்றவனுக்கு பின்னணியைச் சோதிச்சுட்டு ஒர்க் விசாவை எவ்வளவு சுலபமா குடுக்க முடியுமோ குடுத்துடணும், சுவர் வேணாம்." ஹிலாரியும் நல்லாத்தான் பேசினாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா ரெண்டு கட்சியும் மாத்தி மாத்திப் பேசிக்கிட்டே இருந்தாங்களே ஒழிய எதுவும் நடக்கல. 2013ல செனட்ல 68 பேர் ஓட்டு போட்டு பாஸ் பண்ண குடியேற்றச் சீர்திருத்த மசோதாவை கீழ்சபையான ஹவுஸ்ல எடுத்துக்கவே இல்ல. ஓட்டை வீணாக்கிட்டேன்னு சொல்றீங்களே, அந்த ரெண்டு கட்சிக்கே போட்டுக்கிட்டு இருந்தா நமக்கு என்ன வந்துச்சு?

"அவரு பணக்காரனுக்கான ஆளு, ஏழைக்கு என்ன செஞ்சாரு, மருத்துவத்தை எல்லாம் மார்க்கெட்டுக்கு விட்டுடுவாரு"ன்னு ஒரு வாதம். இதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. நானே கவர்மென்ட் ஸ்கூல்ல சத்துணவு சாப்பிட்டு வளந்தவன், கல்வித் துறையையே மூடணும்னு அவரு சொன்னப்ப எனக்கும் உறுத்துச்சு. ஆனா மருத்துவத்துல அவரு சொன்ன அடிப்படை தப்பில்ல. 2015ல என் பொண்ணு ஊஞ்சல்ல இருந்து விழுந்து தாடையில மூணு தையல். எவ்வளவு ஆகும்னு ஆஸ்பத்திரில நாலு பேரைக் கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியல. ரெண்டு மாசம் வரைக்கும் தனித்தனியா பில்லு வந்துக்கிட்டே இருந்துச்சு, டாக்டருக்கு ஒண்ணு, ரூமுக்கு ஒண்ணு, எதுக்குன்னே புரியாம ஒண்ணு. தையல் போடுறதுக்குன்னே கடை வந்து, வாசல்ல விலை எழுதிப் போட்டா இந்த அநியாயம் நடக்காதுன்னு அந்த மனுஷன் ஊர் ஊரா சொன்னாரு. அதையும் கிண்டல்தான் பண்ணாங்க.

வருமான வரியை எடுத்துட்டு, அதை வசூலிக்கிற ஐஆர்எஸ்ஸை மூடிட்டு, எல்லாத்துக்கும் 23 சதவீதம் விற்பனை வரின்னு சொன்னாரே, அதுல எனக்கு உடன்பாடு இல்ல. அந்த 23ங்கிறதே வரியையும் சேத்து வச்சுப் போட்ட கணக்கு, கடையில நாம பழகுன மாதிரி போட்டா 30 வரும். மாசா மாசம் குடும்பத்துக்குப் பணம் திருப்பித் தருவேன்னாரு, இருந்தாலும் நோட்டுல பக்கத்துல "இடிக்குது"ன்னு எழுதியிருக்கேன். துப்பாக்கி விஷயத்துலயும் நான் அவர் பக்கம் இல்ல. கார்பன் வெளியேத்துறவங்களுக்குக் கட்டணம் போடலாம்னு 2016 ஆகஸ்ட்ல சொல்லிட்டு, கட்சிக்காரங்க கத்துனதும் சில நாள்லயே பின்வாங்குனாரு பாருங்க, அதுக்கு அவர் மேல இன்னைக்கும் கோவம் இருக்கு. அலெப்போவை விட அதுதான் பெரிய சறுக்கல். அதை ஏன் யாரும் க்விஸ்ல கேக்கல? ஏன்னா யாருக்கும் தெரியாது.

இன்னொண்ணு, அவரு நின்ன கட்சி லிபர்டேரியன், அரசாங்கம் எதுலயும் அதிகமா தலையிடக்கூடாதுங்கிறவங்க; லிபர்டேரியன்னாலே பைத்தியக்காரக் கூட்டம்னு ஒரு நினைப்பு. அந்தக் கட்சியோட ஆர்லாண்டோ மாநாட்டுல, கார் ஓட்ட லைசன்ஸ் வேணுமான்னு கேட்டப்ப, கொஞ்சமாவது ஓட்டத் தெரியுதான்னு பாக்கணும்னு சொன்னதுக்கு அந்தக் கூட்டமே இவரைப் பாத்து ஊளையிட்டுச்சு. நிறம் பாத்து ஒதுக்குறதைத் தடை பண்ண 1964 சிவில் ரைட்ஸ் சட்டத்துல கையெழுத்து போட்டிருப்பேன்னு சொன்னதுக்கும் ஊளை. அந்தக் கூட்டத்து முன்னாடி நின்னு மாத்திப் பேசாம இருந்தாரு. கடைசில, தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கப்ப, கூட நின்ன வெல்டே டிவில வந்து ஹிலாரிக்கு நற்சான்று குடுத்தாரு. அப்ப எனக்கு நெஞ்சுல குத்துன மாதிரி இருந்துச்சு. சனிக்கிழமை அதே குத்து.

அமெரிக்க அரசோட கடன் 2016ல 19 ட்ரில்லியன் டாலர், இப்ப 36ஐத் தாண்டிருச்சு, ரெண்டு கட்சியும் மாத்தி மாத்தி ஏத்துனதுதான். அதைப் பத்தி அப்ப பேசுன ஆளு யாருன்னு நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்ல.

அண்ணே, உங்க மேல எனக்கு மரியாதை குறையல. 2019ல நாங்க டல்லாஸ் வந்து இறங்குனப்ப மொத மாசம் சாப்பாடு போட்டது அண்ணிதான், அதை நான் மறக்க மாட்டேன். அதனாலதான் இவ்வளவு வலிக்குது. யாரோ சொல்லியிருந்தா துடைச்சுட்டுப் போயிருப்பேன். எனக்கு ஓட்டு போடத் தெரியலன்னு என் புள்ளைக்கு முன்னாடி சொல்லிட்டீங்க, காரணம் என்னன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்லியிருக்கலாம்.

அன்னைக்கு ராத்திரியே அந்த நோட்டைத் தேடி எடுத்து அவகிட்ட குடுத்தேன். இன்னைக்கு காலையில டைனிங் டேபிள் மேல கிடந்துச்சு. மூணு பத்தியிலயும் பென்சில்ல குறி போட்டு வச்சிருக்கா, ஹிலாரிக்கு ரெண்டு டிக், ஜான்சனுக்கு நாலு. கார்பன் வரிக்குப் பக்கத்துல பெரிய கேள்விக்குறி. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் அதுக்கு பதில் கேப்பா, நான் என்ன சொல்லப்போறேன்னு இன்னும் தெரியல.