பச்சை அம்பு காட்டுனா எல்லாம் ஓடுதுன்னு அர்த்தமா?

நேத்து ராத்திரி 2.10க்கு போன். தண்டையார்பேட்டைல எங்க வீடு ஒரே ரூம், அம்மா அந்தாண்ட படுத்துனு இருக்காங்க, லைட்ட போட முடியாது, லேப்டாப் வெளிச்சத்த கொறச்சு வெச்சுனு இருட்டுல குந்தி லாகின் பண்றேன். லைன்ல ஷிப்ட் லீடு. "ஆர்டர் எதுவும் போகலயாம்பா, ஆனா மெசேஜிங் எஞ்சின் கிரீன்தான் இருக்கு, நெட்வொர்க்கான்னு பாரு"ன்றாரு. மெசேஜிங் எஞ்சின்னா, வர்ற ஆர்டர மெசேஜா கியூல, அதாவது வரிசைல, வெச்சு அப்ளிகேஷனுக்கு குடுக்குற சாப்ட்வேர். அதுக்குள்ள நெட்வொர்க் பசங்கள எழுப்பி அரை மணி நேரம் அவங்க உசுர வாங்கியாச்சு.

எத்தினி வாட்டிதாம்பா சொல்றது? வெப்ஸ்பியர் (அப்ளிகேஷனுங்கள ஓட்டுற IBM சர்வர் சாப்ட்வேர்) கன்சோல்ல "பஸ்ஸஸ்"ன்ற மெனுக்குள்ள போயி மெசேஜிங் எஞ்சின்ஸ் பக்கத்த தொறந்தா தெரியிற அந்த பச்சை அம்புக்கு, எஞ்சின் ஸ்டார்ட் ஆயிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். கியூல வந்து விழுற மெசேஜ எவனாச்சும் எடுக்குறானா இல்லயான்னு அது சொல்லவே சொல்லாது. எண்ணூர் ரோட்டுல ஹார்பருக்கு போற கன்டெய்னர் லாரிங்க எஞ்சின ஆஃப் பண்ணாம மணிக்கணக்கா அதே எடத்துல நிக்கிறத சின்ன வயசுலருந்து பாத்துனு இருக்கேன், எஞ்சின் ஓடுது, லாரி நவுரல, இது புரியறதுக்கு இன்னா படிப்பு வேணும்?

எஞ்சின் பேர கிளிக் பண்ணி, ரன்டைம் டேப், அதுல கியூ பாயின்ட்ஸ். டெப்த், அதாவது கியூல தேங்கி நிக்கிற மெசேஜ், 41,212. ரெஃப்ரெஷ் பண்ணா 41,260. வவுறு கலங்கிருச்சு எனக்கு. நாங்க டீஃபால்ட் லிமிட்ட மாத்தல, அது 50,000, அத தொட்டா புது மெசேஜ உள்ளயே வுடாது. அப்புறம் அப்ளிகேஷன் பக்கம் மெசேஜ் எண்ட்பாயின்ட்ட (கியூல இருக்குற மெசேஜ அப்ளிகேஷன் வாங்குற எடம்) பாத்தா பாஸ் (pause) ஆயி நிக்குது. சாயங்காலம் டெப்ளாய்மென்ட்டுக்காக பாஸ் பண்ணவங்க ரெஸ்யூம் பண்ணாமயே கெளம்பிட்டாங்க. ஒரே ஒரு கிளிக்குங்க! கடகடன்னு 39,000, 36,000னு எறங்குது, எனக்கு சந்தோஷப்படறதா அழுவறதான்னு தெரில.

இதுக்கு நேர் எதிரா இன்னொரு கூத்து. நோட் ஏஜென்ட் (சர்வர் நெலமைய கன்சோலுக்கு சொல்ற தனி புரோகிராம்) படுத்துட்டா சர்வர் நல்லா ஓடினு இருந்தாலும் கன்சோலுக்கு ஸ்டேட்டஸ் வராது, உடனே பதறிப்போயி ஓடுற சர்வர ரீஸ்டார்ட் பண்றாங்க. பெஸ்ட் எஃபர்ட்ல, அதாவது டிஸ்க்ல சேமிக்காம, வெச்ச மெசேஜெல்லாம் ரீஸ்டார்ட்ல எஞ்சின் நின்ன அந்த நிமிஷமே போச்சு, திரும்ப வரவே வராது, மொதல்ல லாக்க தொறந்து பாருங்கய்யா.

செக்லிஸ்ட்ல "எஞ்சின் ஸ்டேட்டஸ் கிரீனா?"ன்னு ஒத்த வரி. அதுக்கு கீழ கியூ டெப்த், எண்ட்பாயின்ட், எக்செப்ஷன் டெஸ்டினேஷன், இந்த மூணையும் சேருங்கன்னு நாலு மாசமா மெயில் போடுறேன், ஒரு பதில் கெடயாது. அஞ்சு தடவ ஃபெயில் ஆன மெசேஜெல்லாம் அந்த எக்செப்ஷன் டெஸ்டினேஷன்லதான் போயி குமியுது, அங்க எட்டிப் பாக்க ஒரு ஆளு கெடயாது. காலைல ஹேண்டோவர் மெயில் வந்துச்சு: "ஆல் கிரீன்". எனக்கு வந்த கோவத்துல டீ கிளாஸ அப்டியே வெச்சுட்டு அந்த மூணு வரியையும் அஞ்சாவது வாட்டி டைப் பண்ணி அனுப்பிருக்கேன், இந்த வாட்டி ஷிப்ட் லீடோட மேனேஜரையும் சேத்து.