குளிர்காலத்தில் மாவுச்சத்தை விட்டால் கோடையில் வேகம் கூடுமா?

"நவம்பர் முதல் பிப்ரவரி வரை மாவுச்சத்தே தொடாமல் சைக்கிள் ஓட்டுங்கள், உடல் கொழுப்பை எரிக்கப் பழகிவிடும், கோடைப் பந்தயத்தில் பறப்பீர்கள். டூர் டி பிரான்ஸ் வீரர்களும் இப்படித்தான்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது.

முதல் பாதி உண்மை. மாவுச்சத்தைக் குறைத்தால் சில நாட்களிலேயே உடல் அதிகக் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான். ஒரு லிட்டர் ஆக்சிஜனைக் கொண்டு மாவுச்சத்தை எரித்தால் சுமார் 5 கிலோகலோரி கிடைக்கும். கொழுப்பில் சுமார் 4.7 மட்டுமே. மெதுவாக ஓட்டும்போது இது தெரியாது. ஏற்றத்தில் மூச்சு முட்டும்போது அந்தச் சிறு வித்தியாசமே ஆளைப் பின்தள்ளிவிடும்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் லூயிஸ் பர்க்கின் குழு, உலகத் தர நடைப்பந்தய வீரர்களை வைத்து இதைச் சோதித்து 2017இல் வெளியிட்டது. மூன்று வாரக் கடும் பயிற்சிக்குப் பின், மாவுச்சத்து நிறைய உண்டவர்கள் 10 கி.மீ. பந்தயத்தில் சுமார் 6.6 சதவீதம் முன்னேறினர். கொழுப்புணவுக் குழு கொழுப்பை அபாரமாக எரித்தது, ஆனால் முன்னேறவே இல்லை. சைக்கிள் வீரர்கள் அல்லர்தான். உடலின் கணக்கு ஒன்றே. 2020இல் மறுபடி செய்தபோதும் அதே கதை.

டூர் வீரர்களா? இன்று பலர் பந்தயத்தில் மணிக்கு 90 முதல் 120 கிராம் மாவுச்சத்து உட்கொள்கிறார்கள். குளிர்காலத்தில் சில மிதமான சவாரிகளை வெறும் வயிற்றில் செய்வோர் உண்டு. அது வாரத்தில் ஓரிரு முறை. நான்கு மாத விரதம் அல்ல.