கடுக்காய்த் தண்ணீரைக் கொப்பளியுங்கள், பிரஷ்ஷைத் தூக்கிப் போடாதீர்கள்

குப்பம் பக்கம் ‘கரக்காய’ என்று கேட்பார்கள், பர்கூர் பக்கம் கடுக்காய். எப்படிக் கேட்டாலும் நாட்டு மருந்துக் கடையில் எடுத்துத் தருவது அதே சரக்குதான். வாய் கொப்பளிக்க நல்ல சரக்கும்கூட. “கெமிக்கல் இல்லாத மவுத்வாஷ், இனி பேஸ்ட்டே வேண்டாம்” என்று பள்ளி, காலேஜ் பிள்ளைகளின் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்முறையோடுதான் எனக்குச் சண்டை.

பல்லில் படிவது என்னவென்று முதலில் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. ஒரு துண்டு பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து, சாற்றைப் பஞ்சில் தொட்டுப் பற்களில் தடவுங்கள். அரை நிமிடம் விட்டு, ஒரே ஒரு வாய் தண்ணீர் கொப்பளித்துத் துப்புங்கள். போன் கேமராவில் கீழ் முன்பற்களைப் பாருங்கள். பல்லின் நடுப்பகுதி வெளுத்திருக்கும். ஈறு ஓரத்திலும் பல்லிடுக்கிலும் மட்டும் மெல்லிய சிவப்புக் கோடு நிற்கும். பல்குச்சியால் லேசாக வழித்தால் மாவு மாதிரி வரும். அதுதான் பிளாக். சோற்றுத் துணுக்கு அல்ல, கிருமிகள் பசை போட்டுக் கட்டிய கூடு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற கிருமி அந்தப் பசையைச் செய்வது டீயிலும் பிஸ்கட்டிலும் வருகிற சர்க்கரையிலிருந்து. பல் விளக்கிய சில மணி நேரத்திலேயே மறுபடி படிய ஆரம்பிக்கும். விட்டுவிட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஏறிக் காரையாக இறுகும். இறுகிய பிறகு எந்தக் கஷாயத்துக்கும் கரையாது, கிளீனிங்தான். (கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்பார்கள். காரை தாங்கிப் பிடித்திருந்த பல்தான் அப்போது ஆடுவது தெரிகிறது.)

1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் கூட்டாளிகளும் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஈறு நன்றாக இருந்த 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் விளக்குவதையே நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி விளக்க ஆரம்பித்ததும் சரியானது. இளவயது ஈறு திரும்பி வரும் என்பதுதான் இதில் நமக்கு வேண்டிய சேதி.

கடுக்காய் இதில் என்ன செய்யும்? குரோம் உப்பு வருவதற்கு முன்பு தோல் பதனிடக் கடுக்காயையும் ஆவாரம்பட்டையையும் போடுவார்கள். தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்குவது அதிலுள்ள டானின், நம் நாக்குக்குத் துவர்ப்பு. அதே டானின் வாயில் கிருமியின் புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது, பல்லில் ஒட்டவிடாமல் தடுக்கிறது. புதிதாகப் படிவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே தடித்துப்போன படலத்துக்குள் சரியாக இறங்காது. பிரஷ்ஷால் கலைத்துவிட்ட வாயில்தான் இந்தத் தண்ணீருக்கு வேலை.

2011-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில் 8 முதல் 12 வயதுள்ள 1,431 மாணவர்களை மூன்று பிரிவாக்கி 9 மாதம் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வெறும் தண்ணீர், ஒன்றுக்கு 0.6% திரிபலா (கடுக்காயோடு தான்றிக்காயும் நெல்லிக்காயும் சேர்ந்த பொடி), ஒன்றுக்கு 0.1% குளோர்ஹெக்சிடின் (கடை மவுத்வாஷில் வருகிற கிருமிநாசினி). பிளாக்கிலும் ஈறு வீக்கத்திலும் திரிபலாவுக்கும் குளோர்ஹெக்சிடினுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. குளோர்ஹெக்சிடினை நாள்பட விட்டால் பல் பழுப்பேறும், நாக்கில் ருசி கெடும். அதனால் மாதக்கணக்கில் கொப்பளிக்கத் திரிபலா எனக்குத் தேவலை.

அந்த 0.6% என்ற கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு 6 கிராம்தான். வீடுகளில் ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் போட்டுச் சேறு மாதிரி காய்ச்சுகிறார்கள். திரிபலாப் பொடி தலைதட்டிய அரை டீஸ்பூன், சுமார் ஒன்றரை கிராம், கால் லிட்டர் தண்ணீருக்குப் போதும். காயாக வாங்கினால் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சம எடை, கொட்டை நீக்கி. ‘கடுக்காய்க்கு அகநஞ்சு’ என்று பெரியவர்கள் சொன்னது அந்தக் கொட்டையைத்தான். சிறு தீயில் மூடி ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறிய பின் பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்து வடிகட்டுங்கள். வடிகட்டாவிட்டால் மண்டி ஈறு ஓரத்தில் போய் உட்காரும்.

இரும்புச் சட்டி மட்டும் வேண்டாம். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை. அந்தக் காலத்தில் எழுதுவதற்கே அப்படித்தான் மை காய்ச்சினார்கள். எவர்சில்வர் போதும். அன்று காய்ச்சியதை அன்றே தீர்க்கப் பாருங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் மறுநாளோடு சரி. நூல் விட்டாலோ புளித்த வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள்.

எப்போது கொப்பளிப்பது? இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். விளக்கின கையோடு கொப்பளித்தால் பேஸ்ட் விட்டுப்போன, சொத்தையைத் தடுக்கிற ஃப்ளோரைடும் சேர்ந்து வெளியே போய்விடும். மூலிகைத் தண்ணீரில் அந்த ஃப்ளோரைடு கிடையாது. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்து, டீ, பிஸ்கட் முடிந்ததும் வெறும் தண்ணீரில் ஒரு தடவை, பிறகு 10 மில்லி கஷாயம் அரை முதல் ஒரு நிமிடம். கன்னம் உப்பிச் சுருங்க, பல்லிடுக்கில் நுழைகிற மாதிரி. துப்பிய பின் அரை மணி நேரம் எதுவும் சாப்பிட வேண்டாம், பல்லும் விளக்க வேண்டாம். நெல்லிக்காய்ப் புளிப்பு பட்ட எனாமல் (பல்லின் கெட்டியான மேலடுக்கு) கொஞ்ச நேரம் இளகியிருக்கும். இதே காரணத்தால்தான் எலுமிச்சை பிழிந்து காய்ச்சச் சொல்கிற வீடியோக்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துக்கு இன்னொரு சங்கதி. போர் தண்ணீர் ஃப்ளோரைடால் வந்த பழுப்புக் கோடும் வெள்ளைத் திட்டும் பிளாக் அல்ல; எனாமல் உருவாகும்போதே உள்ளே ஏறிய கறை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். அந்தக் கறையைப் போக்க உப்பு, அடுப்புக்கரி என்று தேய்த்தால் எனாமல்தான் தேயும். ஏற்கெனவே தண்ணீரில் இருக்கிறதே என்று பேஸ்ட்டை விடுவதும் சரியல்ல. பதின்ம வயதில் முன்பற்களின் எனாமல் உருவாகி முடிந்திருக்கும். துப்பிவிடுகிற பேஸ்ட்டால் புதுக்கறை வராது.

மாந்தோப்புக்காரர்கள் மாவிலையும் காய்ச்சுகிறார்கள். காம்புப் பால் பட்டு உதடு வெந்துபோகிறவர்களுக்கு அது ஆகாது, கொய்யாக் கொழுந்து போட்டுக்கொள்ளலாம்: ஐந்தாறு இலை, இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு டம்ளராகச் சுண்டும்வரை. ஆறு வயதுக்குக் கீழே எதுவும் வேண்டாம், விழுங்கிவிடுவார்கள். பிரஷ்ஷும் கொப்பளிப்பும் ஒழுங்காக நடந்தும் இரண்டு வாரம் தாண்டி ரத்தம் கசிந்தால், கஷாயத்தைக் கெட்டியாக்காமல் பல் டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் ஈறுக்கு அடியில் காரை இருக்கும்.