கோதிக் கதை டிராகுலாவில் தொடங்கவில்லை

'கோதிக் இலக்கியம் (மர்மமும் திகிலும் கலந்த கதை வகை) 1897-இல் பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவோடு பிறந்தது' என்றொரு தகவல் பகிரப்படுகிறது. தவறு. 1764 கடைசியிலேயே ஆங்கில எழுத்தாளர் ஹொரேஸ் வால்போலின் 'ஒட்ரான்டோ கோட்டை' நாவல் லண்டனில் வந்துவிட்டது. கல்யாண நாளன்று, எங்கிருந்தோ முற்றத்தில் விழுந்த ராட்சதத் தலைக்கவசம் மாப்பிள்ளையை நசுக்கிக் கொல்கிறது. கதை அங்கே ஆரம்பம். பழங்கோட்டை, சுரங்கவழி, தலைமுறை தாண்டித் தொடரும் பாவம், துரத்தப்பட்டு ஓடும் பெண் என்று இந்த வகையின் வழக்கமான சாமான்கள் எல்லாம் அதிலேயே உண்டு.

வேடிக்கை என்னவென்றால், வால்போலும் முதலில் கதைதான் விட்டார்: 1529-இல் நேப்பிள்ஸில் அச்சான இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பாம்! புத்தகம் வரவேற்பு பெற்றதும், 1765-இன் இரண்டாம் பதிப்பில் தானே எழுதியதாக ஒப்புக்கொண்டு, 'ஒரு கோதிக் கதை' என்ற துணைத்தலைப்பையும் சேர்த்தார். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' கூட 1818. டிராகுலாவுக்கு 79 ஆண்டு மூத்தது.