கார்ட்டூனைப் பதிவு செய்யாவிட்டாலும் உரிமை வரைந்தவருக்கே

பதிவு செய்யாத, வட்டத்துக்குள் ‘சி’ போட்ட பதிப்புரிமைக் குறி (©) இல்லாத கார்ட்டூனை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லை.

பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில் (உலகின் பெரும்பாலான நாடுகள் அதில் இருக்கின்றன) பதிப்புரிமை படத்தை வரைந்ததுமே வந்துவிடும். சுதந்திரமாகத் தொழில் செய்யும் கார்ட்டூனிஸ்ட் பென்சிலில் போட்டு, இன்னும் மை தீட்டாமல் வைத்திருக்கும் படத்துக்கும் இது பொருந்தும். ஓரத்தில் இருக்கும் கையெழுத்தை வெட்டிவிட்டுப் பகிர்ந்தாலும் உரிமை எங்கும் போய்விடாது. அவரே எழுதிக் கொடுத்துவிட்டால் அது வேறு கதை.

பதிவும் குறியும் இருந்தால்தான் உரிமை என்ற நம்பிக்கை சும்மா வந்ததில்லை. அமெரிக்கா 1989 மார்ச்சில்தான் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. அதற்கு முன் அங்கே குறி இல்லாமல் வெளியிட்டால் உரிமையே போய்விடும் வாய்ப்பு இருந்தது. இன்றும் சில நாடுகளில் வழக்கு என்று வரும்போது பதிவு கைகொடுக்கும். ஆனால் உரிமை பிறப்பது பதிவால் அல்ல.

என் பேச்சை நம்ப வேண்டாம். உலக அறிவுசார் சொத்து அமைப்பின் இணையதளத்தில் பெர்ன் உடன்படிக்கையைத் திறந்து, 5ஆவது பிரிவின் 2ஆவது உட்பிரிவைப் படியுங்கள். உரிமைக்குப் பதிவு, குறி போன்ற எந்தச் சம்பிரதாயமும் தேவையில்லை என்று இருக்கும். உங்கள் நாடு அதில் உண்டா என்பதையும் உறுப்பு நாடுகளின் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம்.